மைக்கல் ஜாக்சன் பாட்டா, சபைப் பாட்டா? ஆந்த்ரே க்ரவுச் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்

கொட்டாஞ்சேனை கீபோர்ட்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கொயரில் நெடுங்காலம் பாடிய ஓர் அம்மா போன மாதம் காலமானார். மாதம்பிட்டி மயானத்துக்குக் கொண்டுபோக முன் ஆலயத்தில் நடக்கும் ஆராதனையில் 'சூன் அண்ட் வெரி சூன்' பாடுவோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள், அவருக்குப் பிடித்த பாட்டு, ஒத்திகைகூடப் பார்த்துவிட்டோம். கடைசி நேரத்தில் மூப்பர் ஒருவர் வந்து "இது மைக்கல் ஜாக்சனின் செத்த வீட்டில் பாடினது, நான் டீவியில் பார்த்தேன், இதை ஆலயத்துக்குள் எடுக்க வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். துக்கம் நடக்கிற இடத்தில் யார் வாய் கொடுப்பது? கீர்த்தனை ஒன்றைப் பாடி முடித்தோம்.

பாட்டை எழுதிய ஆந்த்ரே க்ரவுச் ஒரு பாஸ்டர் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் பெயரைத் தேடினால் ஒரு பக்கம் சபை, பிரசங்கம், இன்னொரு பக்கம் மடோனா, ஹொலிவூட், கிராமி என்று வருகிறது. ஆள் யார்? பாடகராக இருந்து பாஸ்டர் ஆனவரா, பாஸ்டராக இருந்துகொண்டு பாடினவரா? இங்கே பழைய இசைத்தட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள்தானே, கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். மூப்பரோடு இன்னொரு தடவை கதைக்க வேண்டியிருக்கிறது.

பழைய ரெக்கோட்

தம்பி, மூப்பர் பார்த்தது உண்மைதான். 2009 ஜூலை 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் மைக்கல் ஜாக்சனின் பெட்டியை உள்ளே கொண்டுவந்தபோது பாடியது அந்தப் பாட்டு, பாடியது ஆந்த்ரே க்ரவுச்சின் கொயர். ஆனால் பாட்டு 1976இல் வந்த அவருடைய இசைத்தட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு 33 வருடம் அமெரிக்காவில் கறுப்பர் சபை, வெள்ளையர் சபை, கத்தோலிக்க ஆலயம் என்று எல்லா இடமும் பாடி, அடக்க ஆராதனைகளுக்கென்றே ஒரு வழக்கமாகிப் போன பாட்டு. ஜாக்சன் வீட்டார் அதைச் சபையிலிருந்து இரவல் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆளைப் பற்றிக் கேட்டால் நான் இலகுவில் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942 ஜூலை 1ஆம் திகதி கலிஃபோர்னியாவில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர், மற்றவர் தங்கை சாண்ட்ரா. இந்தச் சாண்ட்ராவின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு முக்கியமாக வரும். தகப்பன் பெஞ்சமின் க்ரவுச் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு லோன்றி வைத்திருந்தார். லோன்றி வேலை முடிந்ததும் மனைவியோடு தெருவில் நின்று பிரசங்கம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை என்று போய்வருவார். அப்படி ஒரு சின்னச் சபையில் சில வாரம் பிரசங்கிக்கக் கூப்பிட்டார்கள். அங்கே வாத்தியம் வாசிக்க ஆள் இல்லை. ஆந்த்ரேக்கு அப்போது 11 வயது. தகப்பன் பையனைப் பார்த்து "ஆண்டவர் உனக்கு இசையைத் தந்தால் அவருக்காக வாசிப்பாயா?" என்ற மாதிரிக் கேட்டிருக்கிறார், கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுப் பியானோவில் இருத்திவிட்டார். பையன் பாட்டின் சுருதியைத் தேடிப் பிடித்து வாசித்தான் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன சாட்சி. நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்குத் தெரிவது, அந்தப் பிள்ளைக்கு முதல் மேடை கிடைத்ததே ஆள் இல்லாத குறையால்தான். வாசிக்க ஆள் தட்டுப்பாடான சபைகளில்தான் நம் ஊரிலும் நல்ல கீபோர்ட்காரர்கள் உருவாகிறார்கள், கொட்டாஞ்சேனைத் தம்பியே சாட்சி சொல்லுவார்.

அந்தக் குடும்பம் சேர்ந்திருந்தது சேர்ச் ஒஃப் கோட் இன் கிரைஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே சபையில். தலைமையகம் மெம்பிஸில். 1906இல் லொஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் எழும்பிய எழுப்புதலில் போய் நின்றுவிட்டு வந்த சார்ள்ஸ் மேசன் வளர்த்தெடுத்த சபை அது. அதே அலை 1920களில் கொழும்புக்கும் வந்து சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனாக இங்கேயே தொடங்கியது, அதனால் இது நமக்கு அந்நியமான கதையும் இல்லை. ஹமண்ட் ஓர்கன், டாம்பரின், கைதட்டு, அழுகை, துள்ளல் எல்லாம் ஆராதனையின் பகுதி. தகப்பன் பிறகு சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பக்கோய்மா என்ற இடத்தில் கிரைஸ்ட் மெமோரியல் என்று சபை தொடங்கினார். ஆந்த்ரே அந்தச் சபையில் வளர்ந்தவர்.

பதினான்கு பதினைந்து வயதில் இயேசுவின் இரத்தத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். எழுதிவிட்டு, இது சரியில்லை என்று கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். சாண்ட்ரா அதைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். இன்று வரை உலகம் முழுக்கத் திருவிருந்து நேரத்தில் பாடுகிற பாட்டு அது. மிச்சம் இரவு எழுதுகிறேன்.

தெமட்டகொட தம்பி

மடோனாவை விட்டுவிட்டீர்களே அங்கிள் 😄 'லைக் எ ப்ரேயர்' பாட்டில் பின்னால் பாடும் கொயர் யாருடையது? பாஸ்டருடையது! சிலுவை எரிகிற வீடியோ. பாப்பரசர் பக்கத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது, பெப்சி கம்பனி விளம்பரத்தைத் தூக்கியது. மூப்பர் அதைப் பார்த்திருந்தால் கீபோர்ட் அண்ணாவை ஆலயத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

பழைய ரெக்கோட்

தம்பி, அவசரப்படாதீர்கள். 1989. அவருடைய கொயர் பாடியது சரி. பாட்டின் வரிகளை முதலில் கேட்டு வாங்கி வாசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். வீடியோ எப்படி வரப்போகிறது என்று தெரிந்ததும் அதில் தோன்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீடியோவில் நீங்கள் பார்க்கிற கொயர் அவருடையது இல்லை. அதாவது காசு வந்தால் எதற்கும் தலையாட்டுகிற ஆள் இல்லை, ஒரு கோடு வைத்திருந்தார். கோடு சரியான இடத்தில் இருந்ததா என்று வேண்டுமானால் சண்டை போடலாம்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 1960 அளவில் சபைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு. அதில் பில்லி ப்ரெஸ்டன் இருந்தார், பிறகு பீட்டில்ஸோடு ஓர்கன் வாசித்தவர். அதற்கப்புறம் போதைப் பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களை வைத்து டீன் சலஞ்ச் நிறுவனத்தில் ஒரு கொயர் நடத்தினார். 1965 அளவில் தன் குழுவுக்கு டிசைப்பிள்ஸ் என்று பெயர் வைத்தார். முக்கியமான விஷயம், அந்தக் குழு கறுப்பரும் வெள்ளையரும் கலந்தது. டிரம்ஸ் வாசித்து பல இசைத்தட்டுகளைக் கூடவே தயாரித்த பில் மேக்ஸ்வெல் வெள்ளையர். அமெரிக்காவில் ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்று இருந்த காலம். இவர் பாட்டு மட்டும் இரண்டு பக்கத்துப் பாட்டுப் புத்தகத்திலும் ஏறியது. கறுப்பர் சபைகளின் ஆராதனைப் பாட்டுக்குக் கோஸ்பல் என்று பெயர். அந்தச் சபைகளில் சிலர் "இது கோஸ்பலே இல்லை, பொப் பாட்டு" என்றார்கள். சின்தசைசர், பித்தளை வாத்தியம், வயலின் எல்லாம் சேர்த்தார், குற்றச்சாட்டு முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

எல்விஸ் ப்ரெஸ்லி 1972இல் இவர் பாட்டு ஒன்றைத் தன் கோஸ்பல் இசைத்தட்டில் பாடினார். பால் சைமன் 1974 நேரடி இசைத்தட்டில் இவருடைய இன்னொரு பாட்டைச் சேர்த்தார். 1980களில் ஜாக்சனின் இசைத்தட்டுகளைத் தயாரித்த குவின்சி ஜோன்ஸ் கூப்பிட, 'த கலர் பேர்ப்பிள்' படத்தின் இசைக்காக ஒஸ்கார் பரிந்துரையில் இவர் பெயரும் சேர்ந்தது. மைக்கல் ஜாக்சனின் 'மேன் இன் த மிரர்' பாட்டில் கடைசியில் உயர்ந்து உயர்ந்து போகும் கொயர் இவருடையது. 'லயன் கிங்' படத்திலும் கொயர் வேலை இவர்தான் பார்த்தார். மொத்தம் 7 கிராமி.

இவ்வளவும் செய்தவருக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பது வாழ்நாள் முழுக்கக் கஷ்டம். டிஸ்லெக்சியா. பாட்டு வரிகளை மனதில் வைக்கத் தனக்குத் தானே சின்னச் சின்னப் படம் கீறி வைப்பாராம். நம் ரியூஷன் உலகத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஓ.எல். தாண்டுவதற்குள் மொக்கு என்று முத்திரை குத்தி மூலையில் இருத்தியிருப்போம்.

வெள்ளவத்தை அங்கிள்

நான் மூப்பர் பக்கம். எழுத விடுங்கள், பிறகு கல்லெறியுங்கள்.

அந்த மூப்பருக்குப் பாட்டின் ஆண்டு தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் பயம் வெறும் பயம் இல்லை. ஆலயத்துக்குள் வருகிற பாட்டுக்கு ஒரு வாசம் உண்டு. காலையில் சபையில் கேட்ட குரலை மாலையில் ஹோட்டல் மேடையிலும் கேட்டால் பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்த புலவர், ஆனாலும் கிறிஸ்தவப் பாட்டைத்தான் பாடினார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். க்ரவுச் திறமைசாலி, மறுக்கவில்லை. போதகர் என்ற பெயர் அவருக்குப் பொருந்துமா என்றுதான் கேட்கிறேன். எந்த இறையியல் கல்லூரியில் படித்தார்? தகப்பன் சபை மகனுக்கு, கடை கைமாறுகிற மாதிரி. இது நம் ஊரிலும் நடக்கிறது, எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, 1982இல் போதைப்பொருள் விஷயமாக ஆள் கைதானார் என்று வாசித்தேன். அதை ஏன் யாரும் எழுதவில்லை?

லவுஞ்ச் பேஸ்

அங்கிள், அந்த ஹோட்டல் மேடை ஆள் நான்தான். பேஸ் கிட்டார். சனி இரவு காலி வீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வாசிப்பேன், ஞாயிறு காலை சபையில் வாசிப்பேன். சம்பளம் ஹோட்டலில்தான், சபையில் ஐந்து சதம் கிடையாது, நான் கேட்டதும் இல்லை. ஒருநாள் சபைக் கமிட்டி கூப்பிட்டு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றது. வீட்டு வாடகையை எதில் கட்டுவது என்று கேட்டேன், விசுவாசத்தில் கட்டலாம் என்றார்கள். அதே கமிட்டியில் இருந்த ஒருவருக்குச் சாராயத் தவறணைக் கட்டிடம் சொந்தம், மாத வாடகை போய்க்கொண்டிருந்தது. அவரை யாரும் எதையும் தெரிவு செய்யச் சொல்லவில்லை. இப்போது வேறு சபைக்குப் போகிறேன், அங்கே கேட்கிறதில்லை.

கொழும்பில் நல்ல இசைக்காரர்களில் எத்தனையோ பேர் ஆலயத்தில் கற்றவர்கள். கொயரில் நாலு குரலில் பாடிப் பழகியதும், ஓர்கன் கலரியில் களவாக ஏறி வாசித்ததும்தான் அவர்கள் பள்ளிக்கூடம். சபை கற்றுக்கொடுத்துவிட்டு, அதை வைத்துப் பிழைத்தால் பாவம் என்கிறது. க்ரவுச்சை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே அவர் இந்தக் கணக்கை ஏற்கவில்லை என்பதுதான். ஸ்டூடியோவுக்குப் போகும்போது தன் கொயரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுக்கும் சம்பளம் கிடைத்திருக்கும்.

பழைய ரெக்கோட்

வெள்ளவத்தை அங்கிள் கேட்டது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன்.

1982 கைது உண்மை. கொக்கெய்ன் வைத்திருந்த சந்தேகத்தில் பொலிஸ் பிடித்தது. போதிய ஆதாரம் இல்லாமல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சட்டப்படி அவ்வளவுதான், அதற்கு மேலே நானும் நீங்களும் எழுதினால் அது வம்பு. ஆனால் அதன் அடி பட்டது. 1984 இசைத்தட்டுக்குப் பிறகு பத்து வருடம் தன் பெயரில் புதிதாக ஒன்றும் வெளியிடவில்லை. நீங்கள் பிழை காணும் ஜாக்சன், மடோனா வேலைகள் எல்லாம் அந்தப் பத்து வருடத்துக்குள்தான் வருகின்றன, கவனித்தீர்களா? கோஸ்பல் உலகம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டபோது உலகப் பாடகர்கள் கதவைத் திறந்தார்கள். 1994இல் 'மேர்சி' என்ற இசைத்தட்டோடு திரும்பி வந்தார், குவின்சி ஜோன்ஸின் கம்பனிதான் வெளியிட்டது, கிராமியும் கிடைத்தது.

சபை கைமாறிய கதை நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கொஞ்ச காலத்துக்குள் தாய், தகப்பன், அண்ணன் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். தகப்பன் இறந்தது 1993இல். இவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கலியாணம் கட்டவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பழகிய ஆள். 1995இல் பக்கோய்மா சபையை ஏற்றுக்கொண்டார். சொத்துக்கு ஆசைப்பட்டு ஓடி வந்திருந்தால் முப்பது வயதில், பெயரும் புகழும் உச்சத்தில் இருந்தபோதே, மகன் என்ற உரிமையில் வந்து இருந்திருக்கலாம். ஞாயிறு தவறாமல் ஒரே இடத்தில் நிற்பது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிப்பது, குடும்பச் சண்டை தீர்ப்பது, கூரை ஒழுகினால் காசு சேர்ப்பது, இதெல்லாம் பாடகருக்கு இலாபமான தொழில் இல்லை.

படிப்பைப் பற்றி. அந்தச் சபைப் பாரம்பரியத்தில் கல்லூரிச் சான்றிதழைவிட அழைப்பும் அனுபவமும்தான் பெரிது. இது சரியா பிழையா என்று மெதடிஸ்ட்காரரும் பெந்தெகொஸ்தேக்காரரும் கொழும்பில் எப்போதிருந்தோ சண்டை போடுகிறார்கள், இந்த இழையில் முடியாது.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் கிளீவ்லண்ட், கோஸ்பல் கொயர்களின் அரசன், அவரும் லொஸ் ஏஞ்சலிஸில் சபை நடத்திய போதகர். அல் கிரீன், காதல் பாட்டில் கொடிகட்டிப் பறந்தவர், 1976இல் மெம்பிஸில் ஒரு சபையைத் தொடங்கி, 1979இல் மேடையிலிருந்து விழுந்ததைக் கடவுளின் எச்சரிக்கையாக எடுத்து, பல வருடம் காதல் பாட்டை மூட்டை கட்டி வைத்தார். அல் கிரீன் வெளியே இருந்து உள்ளே வந்தவர், அதனால் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. க்ரவுச் உள்ளேயே பிறந்தவர், அவருக்குச் சாத்தக் கதவே இல்லை. தெருவில் நின்று பிரசங்கித்த தகப்பனைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஸ்டூடியோவும் இன்னொரு தெருதான்.

வெள்ளவத்தை அங்கிள்

எழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் தெருவில் நிற்பவன் கையில் வேதப்புத்தகம் இருந்தது. ஸ்டூடியோவில் மடோனாவின் பாட்டு இருந்தது. இந்த வித்தியாசத்தை உங்கள் அழகான வசனம் மறைக்காது. கைது விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், வழக்கே இல்லாத விஷயத்தை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

அல்ட்டோ அக்கா

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஆண்கள் எல்லாரும் மடோனாவைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். சாண்ட்ராவை மனதில் வைக்கச் சொன்ன பழைய ரெக்கோட் அண்ணாவே மறந்துவிட்டார். சரி, நான் எழுதுகிறேன்.

குப்பையிலிருந்து பாட்டை எடுத்தவர் என்று மட்டும் சொல்லி விட்டுவிட வேண்டாம். சாண்ட்ரா க்ரவுச் தன் பாட்டுக்கே பெரிய இசைக்காரி. மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியில் டாம்பரினும் தாள வாத்தியமும் வாசித்தார், மைக்கல் ஜாக்சன் சின்ன வயதில் அண்ணன்மாரோடு பாடிய ஜாக்சன் 5 குழுவின் ஒலிப்பதிவுகளில் அவர் கை இருக்கிறது. 1983இல் தன் பெயரில் வெளியிட்ட கோஸ்பல் இசைத்தட்டுக்குக் கிராமி கிடைத்தது. அண்ணனின் குழுவில், கொயரில், சபையில் எல்லா வேலையும் கூட நின்று செய்தவர்.

அவர்களுடைய சபை அமைப்பு பெண்களைப் போதகராக அபிஷேகம் செய்வதில்லை. பெண்கள் ஊழியம் செய்யலாம், கற்பிக்கலாம், ஜெபக் கூட்டம் நடத்தலாம், சபையைக் கட்டி எழுப்பிக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பட்டம் மட்டும் கிடையாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1998இல் ஆந்த்ரே தன் சபையில், எல்லார் முன்னாலும், சாண்ட்ராவைத் தன்னோடு போதகராக அபிஷேகம் செய்துவைத்தார். மேலிடத்தின் வழக்கத்துக்கு நேர் எதிராக. பத்திரிகைகளில் வந்தது, பெரிய சர்ச்சை. அவர் பின்வாங்கவில்லை.

மடோனாவோடு பாடினதற்கு அவருக்குக் கிடைத்தது சம்பளமும் கொஞ்சம் திட்டும். தங்கையை மேடைக்கு ஏற்றினதற்குத் தான் பிறந்து வளர்ந்த சபை அமைப்பையே எதிர்த்து நிற்க வேண்டி வந்தது. அவர் வாழ்க்கையில் துணிச்சலான காரியம் எது என்று என்னைக் கேட்டால் இதுதான், அதைச் செய்தது பாடகர் க்ரவுச் இல்லை, பாஸ்டர் க்ரவுச். பாடகருக்கு அந்த அதிகாரமே இல்லையே.

2015 ஜனவரி 8ஆம் திகதி மாரடைப்பால் ஆஸ்பத்திரியில் இருந்த ஆந்த்ரே இறந்தார், 72 வயது. அதற்குப் பிறகு சபையைக் கொண்டு நடத்தியவர் சாண்ட்ரா. 2024 மார்ச்சில் அவரும் போனார்.

நம் ஊரில் மெதடிஸ்ட் சபையில் பெண் போதகர்கள் இருக்கிறார்கள். அங்கிலிக்கன் சபையில் கொழும்பு மறைமாவட்டம் 2006இல் பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்தது. அதைத் தாண்டி, புதிது புதிதாகத் தொடங்கும் சபைகளில் பார்த்தால் பெண்ணுக்குக் கிடைப்பது 'பாஸ்டரம்மா' என்ற இடம், பாஸ்டரைக் கலியாணம் கட்டினால் வருவது. இருபது வருடம் ஞாயிறு பள்ளி நடத்திய அக்காவுக்கு மைக்கைக் கொடுப்பது அறிவித்தல் வாசிக்க மட்டும். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

தெமட்டகொட தம்பி

அக்கா 👏👏 இது எனக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளவத்தை அங்கிள்

தங்கச்சி, பெண் குருத்துவத்தில் எனக்கு எதிர்ப்பு இல்லை, என் மருமகளே இறையியல் படிக்கிறாள். ஆனால் ஒரு கேள்வி. சபை அமைப்பின் சட்டத்தை ஒருவர் தன் தங்கைக்காக மீறினால் அதைத் துணிச்சல் என்கிறீர்கள். இன்னொரு பாஸ்டர் தன் மைத்துனனுக்காக மீறினால் குடும்ப ஆட்சி என்பீர்கள். அளவுகோல் எது?

அல்ட்டோ அக்கா

நல்ல கேள்வி அங்கிள். தகுதிதான் அளவுகோல். சாண்ட்ரா அந்தச் சபையில் சின்ன வயதிலிருந்தே வேலை செய்தவர், அதே வேலையை அதே அளவு செய்த ஓர் ஆணுக்கு எப்போதோ அந்தப் பட்டம் கிடைத்திருக்கும். மைத்துனன் விஷயத்தில் சட்டம் அவருக்குத் தடையாக இல்லை, உழைப்புத்தான் இல்லை. ஆனால் தங்கை என்பதால் அவருக்கு இலகுவாக இருந்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். சபையில் வேறு பெண்களும் இருந்திருப்பார்கள்தானே.

கொட்டாஞ்சேனை கீபோர்ட்

அப்பாடா, நான் கேட்டது ஒரு பாட்டைப் பற்றி, கிடைத்தது ஒரு பல்கலைக்கழகம். எல்லாருக்கும் நன்றி.

வாசிக்கிறவன் என்ற முறையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். இவருடைய பாட்டுகளை ஏன் இவ்வளவு பேர் பாட முடிகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். 'சூன் அண்ட் வெரி சூன்' பாட்டில் ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் மாறுவது ஒரே ஒரு கருத்து, மிச்சம் எல்லாம் திரும்பி வருகிறது. அங்கே அழுகை இல்லை, அங்கே சாவு இல்லை, அவ்வளவுதான் புதிது. புத்தகம் இல்லாமல், முதல் தடவை கேட்கிறவன்கூட இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொள்வான். நம் கீர்த்தனையில் சரணம் சரணமாகக் கதை நகரும், பல்லவிக்கு மட்டும் சனம் சேரும், பாடத் தெரிந்தவர் ஒருவர் முன்னால் வேண்டும். செத்த வீட்டில் யாருக்கும் புத்தகத்தைப் பார்க்க மனம் இருக்காது, அங்கே முதல் வகை நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் வேகம். மெதுவாகத் தொடங்கி, கைதட்டு தானாக வரும் வரைக்கும் விட்டு, பிறகு ஏற்ற வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் வரியிலிருந்தே டிரம்ஸோடு ஓடினார்கள், ஒத்திகையில் மூப்பருக்கு அது கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரிக் கேட்டிருக்கும் என்றும் நினைக்கிறேன்.

லவுஞ்ச் பேஸ்

டிரம்ஸை முதல் சரணத்தில் முழுதாக நிறுத்திவிடுங்கள். பேஸும் கீபோர்டும் போதும். ஓர்கன் சத்தத்தில் லெஸ்லி ஸ்பீக்கர் சுழலுகிற மாதிரி ஒரு எஃபெக்ட் உங்கள் கீபோர்டில் கட்டாயம் இருக்கும், மெதுவான வேகத்தில் வைத்துவிட்டு, சனம் எழும்பும்போது வேகமான பக்கம் மாற்றுங்கள். இடது கையால் பேஸ் வாசிக்காதீர்கள், பேஸ்காரன் இருந்தால் அவனை விடுங்கள் (சும்மா இல்லை, எல்லாக் கீபோர்ட்காரர்களும் செய்கிற அநியாயம் இது).

தெமட்டகொட தம்பி

அவருடையதில் எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், பட்டியல் போட்டால் கேட்க மாட்டேன்.

பழைய ரெக்கோட்

1973இல் வந்த, நியூயோர்க் கார்னகி ஹோல் அரங்கில் பாடிய நேரடி இசைத்தட்டு. ஸ்டூடியோ மினுக்கு இல்லை, இடையிடையே அவர் கதைக்கிறதும் சனம் பதில் சொல்வதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. பாடுகிறாரா பிரசங்கிக்கிறாரா என்று பிரிக்க முடியாத இடங்கள் உண்டு, கீபோர்ட் தம்பி முதலில் கேட்ட கேள்விக்கு நான் எழுதினதைவிட அது நல்ல பதில். அதற்கு இன்னும் இருபது வருடம் கழித்துத்தான் பாஸ்டர் ஆகிறார் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

வெள்ளவத்தை அங்கிள்

இணைப்பு இருந்தால் போடுங்கள். மடோனா இல்லாத வருடம் என்றபடியால் நானும் கேட்டுப் பார்க்கிறேன்.